திறமூல சர்வர் நிர்வாகம் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கணினியில் லினக்ஸ் பழகியவர்கள், ஒரு சர்வரைத் தாங்களே நடத்திப் பார்க்க ஆசைப்படும்போது கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஓர் எளிய ஏற்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: ஒரே ஒரு டெபியன் சர்வர், அதில் எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சேவை மென்பொருள், அதற்குப் பின்னால் மரியாடிபி தரவுத்தளம், யாரோ சிலர் தினமும் பார்க்கும் ஒரு வலைத்தளம். நூறு சர்வர்களை நடத்துகிறவரும் ஒரு காலத்தில் இந்த ஒன்றைத்தான் கற்றுக்கொண்டார்.

சர்வர் நிர்வாகிக்கு அப்படி என்ன வேலை? நிறுவி முடித்தால் தானாக ஓடாதா?

நிறுவுவது ஒரு மாலை நேர வேலை. அது அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஓட வேண்டும். நிர்வாகம் என்பது அந்த ஐந்து ஆண்டுகள்தான். அதற்குள் வட்டு நிரம்பும், சான்றிதழ் காலாவதியாகும், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், தரவுத்தளம் பெருத்துவிடும், நீங்கள் எழுதிய ஒரு சிறு ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். இவற்றை முன்கூட்டியே கவனிப்பதும், தப்பிவிட்டால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும்தான் வேலை.

ஆகவே பத்து விதமான மென்பொருளை நிறுவி நிறுவி அழித்துப் பார்ப்பதைவிட, ஒரே சர்வரை ஓராண்டு விடாமல் நடத்துவது அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம். அதை உங்களைத் தவிர இன்னும் ஒருவராவது பயன்படுத்த வேண்டும். ஊர் நூலகத்தின் பட்டியலோ, குடும்பத்தின் புகைப்படத் தொகுப்போ, நண்பரின் கடைக்கான தளமோ, எதுவானாலும் சரி. ஒருவர் நம்பியிருக்கிறார் என்றால்தான் அதிகாலையில் நின்றுபோனதை எழுந்து பார்ப்பீர்கள்.

எனக்குக் கணினி அறிவியல் பட்டம் இல்லை. நிரல் எழுதவும் தெரியாது. முடியுமா?

முடியும். பிழைச்செய்தியை முழுவதுமாக வாசிக்கும் பொறுமை இருந்தால் போதும். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவது போகப்போகக் கைவரும்.

பழகுவதற்கு என்ன இயந்திரம் வேண்டும்?

பழைய மடிக்கணினி ஒன்று போதும். 4 ஜிபி நினைவகம் இருந்தால் அதன்மேல் கேவிஎம் அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டலாம். வரைகலை முகப்பு இல்லாத டெபியன் சர்வருக்கு அரை ஜிபி நினைவகமே பயிற்சிக்குப் போதுமானது. மெய்நிகர் இயந்திரத்தின் பெரிய நன்மை ஸ்னாப்ஷாட். ஒரு நிலையைப் பதிந்துவைத்துக்கொண்டு, வேண்டுமென்றே எதையாவது உடைத்து, திரும்பிவரலாம். எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். சர்வர் பாதி வழியில் நின்று அவசர நிலை முனையத்தைக் காட்டும். அந்தத் திரையை முதல்முறை பயிற்சியில் பார்ப்பது நல்லது.

அடிப்படை பிடிபட்டதும் மாத வாடகைக்குக் கிடைக்கும் 1 ஜிபி மெய்நிகர் சர்வர் ஒன்றை எடுங்கள். பல வீட்டு இணைய இணைப்புகளில் தனி ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டு இயந்திரத்தை அடைய முடியாமல் போகலாம். தவிர, திறந்த இணையத்தில் ஒரு சர்வரை வைத்தவுடன் உலகெங்கிலுமிருந்து தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொற்களை முயன்றுபார்ப்பதைப் பதிவுகளில் பார்ப்பீர்கள். சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். எத்தனை பாடம் படித்தாலும் பாதுகாப்பு ஏன் தேவை என்பதை அந்தப் பதிவுகள்தான் உறைக்கும்படி சொல்லும்.

எந்த லினக்ஸ் விநியோகத்தைத் தேர்ந்தெடுப்பது?

டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இவற்றில் ஒன்று. புதியவர்களுக்கு நான் சொல்வது டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத சமூகத் திட்டம். உபுண்டு அதன்மேல் கட்டப்பட்டது, இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. டெபியனில் கற்றது இவற்றுக்கும் பொருந்தும்.

யார் நடத்துகிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்றால், ரெட் ஹேட் நிறுவனத்தின் கீழிருந்த சென்ட்ஓஎஸ் 8 விநியோகத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பலர் அதை நிறுவியிருந்தார்கள். 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அந்தக் காலக்கெடுவை 2021 இறுதிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஓராண்டு அவகாசத்தில் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டிய நிலை. ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தது அந்த நெருக்கடியில்தான். ரெட் ஹேட் சார்ந்த நிறுவனங்களில் வேலை தேடுகிறீர்கள் என்றால் இவ்விரண்டில் ஒன்றைக் கற்பது பயன்தரும்.

எதைத் தேர்ந்தாலும் ஆதரவு முடியும் தேதியைச் சர்வரை நிறுவும் நாளிலேயே நாட்காட்டியில் எழுதிவையுங்கள். டெபியனுக்கும் உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கும் அது சுமார் ஐந்து ஆண்டுகள்.

முதலில் எந்தக் கட்டளைகளைக் கற்க வேண்டும்?

கட்டளைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். சர்வரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டளை அதோடு சேர்ந்து வந்துவிடும். எந்தச் சேவை ஓடுகிறது, எது விழுந்துகிடக்கிறது என்று கேட்க 'சிஸ்டம்சிடிஎல்'. அந்தச் சேவை என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று கேட்க 'ஜர்னல்சிடிஎல்'. எந்த போர்ட்டில் (இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்) யார் காத்திருக்கிறார்கள் என்பதற்கு 'எஸ்எஸ்'. வட்டில் இடம் இருக்கிறதா என்பதற்கு 'டிஎஃப்', இடத்தை யார் தின்றது என்பதற்கு 'டியு'. நினைவகத்துக்கு 'ஃப்ரீ', மொத்த நிலைமைக்கு 'டாப்'. ஒரு கோப்பில் தேட 'கிரெப்', வளர்ந்துகொண்டிருக்கும் பதிவைப் பார்த்தபடியே இருக்க 'டெயில்'. இவற்றோடு 'மேன்' என்னும் கட்டளைக் கையேட்டுப் பக்கங்களை வாசிக்கும் பழக்கமும் வேண்டும். அவை வறண்ட நடையில் இருக்கும், ஆனால் உங்கள் சர்வரில் நிறுவப்பட்டிருக்கும் அதே பதிப்பைப் பற்றிப் பேசும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பல வேறொரு பதிப்புக்கு எழுதப்பட்டவை.

இன்னொன்று டிமக்ஸ். அதற்குள் தொடங்கினால், இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நிற்காது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள் முதல் நாளே கற்க வேண்டியது.

எஸ்எஸ்ஹெச் நுழைவை எப்படிப் பாதுகாப்பது?

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச் பிறந்ததே ஒரு கடவுச்சொல் திருட்டுக்குப் பிறகுதான். 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பின், அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் அதை எழுதினார். இன்று எல்லோரும் பயன்படுத்துவது ஓபன்பிஎஸ்டி குழு 1999-இல் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச்.

செய்ய வேண்டியவை சிலவே. உங்கள் கணினியில் இடி25519 வகைச் சாவி இணை ஒன்றை உருவாக்குங்கள். தனிச்சாவிக்கு ஒரு கடவுத்தொடர் வையுங்கள். பொதுச்சாவியைச் சர்வரில் சேருங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியானதும் கடவுச்சொல் நுழைவையும் ரூட் பயனரின் நேரடி நுழைவையும் நிறுத்துங்கள். உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு, தேவைப்படும்போது மட்டும் 'சூடோ'.

அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் முனையத்தை மூடாதீர்கள். இரண்டாவது முனையத்தில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே முதலாவதை மூட வேண்டும். அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்து சேவை எழாமல் போனால், உங்கள் கையில் மிஞ்சுவது அந்தத் திறந்த முனையம் மட்டுமே.

உபுண்டுவில் ஒரு சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். முதன்மை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வாடகைச் சர்வரை முதல்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் நிரல் எழுதிவைத்த துணைக் கோப்பு ஒன்று அதை அனுமதித்தபடியே இருக்கும். ஓபன்எஸ்எஸ்ஹெச் ஓர் அமைப்புக்கு முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும்; துணைக் கோப்புகளைச் சேர்க்கும் வரி உச்சியில் இருப்பதால் அவையே வெல்லும். ஆகவே கோப்பைப் பார்த்து நம்பாமல், 'எஸ்எஸ்ஹெச்டி' நிரலுக்குப் பெரிய 'டி' விருப்பத்தைக் கொடுத்து, நடைமுறையில் இருக்கும் அமைப்பு என்ன என்று அதனிடமே கேளுங்கள்.

போர்ட் எண்ணை 22-இலிருந்து மாற்றுவது பதிவுகளில் இரைச்சலைக் குறைக்கும். பாதுகாப்பு என்று அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அனுமதிச் சிக்கல் வந்தால் 777 கொடுத்தால் சரியாகிவிடுகிறது. கொடுக்கலாமா?

கூடாது. யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்று அறிவிக்கிறீர்கள். தளத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தால், நுழைந்தவர் எழுதிவைக்கவும் இடம் கொடுத்தாயிற்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை எண்ணில் இருக்காது. கோப்பின் உரிமையாளர் தவறாக இருப்பார். உங்கள் இல்லக் கோப்புறைக்கே 777 கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் உங்கள் சாவியை ஏற்க மறுத்துவிடும். மற்றவர்கள் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை அது நம்பாது. அந்த மறுப்பு சரியானது.

"தளம் திறக்கவில்லை" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

எடுத்த எடுப்பில் மறுதொடக்கம் செய்யாதீர்கள். தளம் திரும்பி வரலாம், ஆனால் ஏன் விழுந்தது என்ற தடயம் கலைந்துவிடும். அடுத்த வாரம் அதே நேரத்தில் மறுபடியும் விழும்.

அழைத்தவரிடம் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒரு வரி பாதித் தூரத்தைக் கடக்க வைக்கும். பெயரே கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) அல்லது டொமைன் புதுப்பிப்பில் சிக்கல். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. 'நேரம் கடந்தது' என்றால் பொட்டலங்களை நடுவில் ஒரு ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது இயந்திரமே போய்விட்டது. 502 என்றால் எஞ்சின்எக்ஸ் நலம், அதற்குப் பின்னால் உள்ள நிரல் விழுந்திருக்கிறது. 504 என்றால் அந்த நிரல் இருக்கிறது, பதில் சொல்லத் தாமதிக்கிறது. 403 என்றால் பெரும்பாலும் கோப்பு அனுமதி. மறுக்கப்படுவதற்கும் நேரம் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றவர் பிழைதேடும் நேரத்தில் பெரும் பகுதியை மிச்சப்படுத்துகிறார்.

பிறகு உள்ளே போங்கள். சேவையின் நிலையைப் பாருங்கள். அதன் பதிவை, பிரச்சினை தொடங்கிய நேரத்துக்குச் சற்று முன்னாலிருந்து வாசியுங்கள். கடைசி வரியைப் பிடித்துக்கொள்வது பொதுவான பழக்கம். ஆனால் கடைசியாக வரும் பத்துப் பிழைகள் முதல் பிழையின் விளைவுகளாகவே இருக்கும். மேலே ஏறி, நிலைமை நன்றாக இருந்த கடைசி நொடியையும் அதற்கு அடுத்த வரியையும் கண்டுபிடியுங்கள்.

சேவை ஓடுகிறது, வெளியிலிருந்து மட்டும் எட்டவில்லை என்றால் 'எஸ்எஸ்' கட்டளையில் அது எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். தரவுத்தளத்துக்கு அதுதான் வேண்டியதும்கூட; 3306, 5432, 6379 போன்ற தரவுத்தள போர்ட்டுகள் இணையத்தை நோக்கித் திறந்திருக்கவே கூடாது.

காரணமே புரியாத விநோதமான பிழைகள் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் வட்டைப் பாருங்கள். வட்டு நிரம்பிய சர்வர் 'நிரம்பிவிட்டது' என்று நேராகச் சொல்லாமல் போகலாம். உள்நுழைவு வேலை செய்யாது, தரவுத்தளம் நிற்கும், படங்கள் பாதியில் அறுந்து பதிவேறும். பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை அழித்தும் இடம் திரும்பவில்லையா? அதை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை அந்த நிரலைக் காட்டிக்கொடுக்கும். அதை மீண்டும் தொடங்கினால் இடம் விடுபடும். ஓடும் நிரலின் பதிவை அழிப்பதற்குப் பதில் அதன் உள்ளடக்கத்தைக் காலி செய்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. இடம் நிறைய இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகச் செலவாகும் பதிவிடங்கள்) தீர்ந்திருக்கின்றன. இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒரு நிரல் கொட்டிவைத்திருக்கும். 'டிஎஃப்' கட்டளைக்கு 'ஐ' விருப்பம் கொடுத்தால் தெரியும்.

லோட் ஆவரேஜ் 4 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

லோட் ஆவரேஜ் என்பது ஓடும், காத்திருக்கும் செயல்களின் சராசரி எண்ணிக்கை; பயப்படுவது சிபியுவில் எத்தனை கோர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு கோர் இயந்திரத்தில் 4 என்பது முழு வேலை, ஒரு கோரில் அது நெரிசல். மூன்று எண்களும் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சுமை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். லினக்ஸில் இந்த எண் வட்டுக்காகக் காத்திருக்கும் செயல்களையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே சிபியு சும்மா இருக்க லோட் மட்டும் ஏறியிருந்தால் வட்டைச் சந்தேகியுங்கள்.

நினைவகத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையில் சிறிய எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புத் தேக்ககத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' நெடுவரிசையை. அதுவும் தீர்ந்துவிட்டால் கெர்னல் ஒரு செயலைத் தேர்ந்து கொல்லும். 1 ஜிபி சர்வரில் பலியாவது பெரும்பாலும் தரவுத்தளம்தான். மரியாடிபி காரணமில்லாமல் நிற்கிறது என்பவர்கள் கெர்னல் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்களைத் தேடிப் பார்க்கட்டும்.

ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை ஒருமுறை போட்டால் போதுமா?

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழ் 90 நாட்கள் செல்லும். சர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானாகப் புதுப்பிக்கும். புதுப்பித்த பிறகு எஞ்சின்எக்ஸ் அதை மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு விட்டுப்போனால் வட்டில் புதிய சான்றிதழ் இருக்க, பார்வையாளர்களுக்குப் பழையதே போய்க்கொண்டிருக்கும். காலாவதி நெருங்கினால் நினைவூட்டும் மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே வெளியிலிருந்து தேதியைச் சரிபார்க்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் உங்களிடம் இருக்கட்டும். சான்றிதழ்களின் ஆயுளை 2029-க்குள் 47 நாட்களாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் முடிவெடுத்திருக்கின்றன. கையால் புதுப்பிக்கும் வழக்கத்துக்கு இனி இடமில்லை.

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தலாமா?

முதல் ஆண்டில் வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவுவது கடினமல்ல. அனுப்பும் கடிதம் மறுமுனையில் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் இருப்பதுதான் கடினம். அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், தலைகீழ் டிஎன்எஸ் எல்லாம் சரியாக இருந்தும், உங்கள் ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் செய்த பாவம் உங்கள் தலையில் விழலாம்.

புதுப்பிப்புகளைத் தானாக நடக்க விடலாமா? ஏதாவது உடைந்துவிட்டால்?

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நடக்க விடுங்கள். டெபியனின் நிலையான பதிப்பில் அவை மிகக் கவனமாக, பதிப்பெண் பெரிதாக மாறாமல், ஓட்டையை மட்டும் அடைத்து வருகின்றன. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது அடைப்பதற்கு நாட்கணக்கில் காத்திருந்த சர்வர்கள் நினைவகத்திலிருந்த இரகசியங்களை வெளியே கசியவிட்டுக்கொண்டிருந்தன. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தைவிடத் திறந்து கிடக்கிறதே என்ற அச்சம் நியாயமானது. கெர்னல் புதுப்பிப்புக்கு மறுதொடக்கம் தேவை. அதற்கு மாதம் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள்.

ஆனால் 'புதியதே நல்லது' என்று எல்லாவற்றையும் அண்மைப் பதிப்புக்குத் தள்ளுவது வேறு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப்போய் அதைப் பிடித்தார். சோதனைப் பதிப்புகளில் நுழைந்திருந்த அந்தப் பின்கதவு டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொழிலின்மேல் மரியாதை கூடுகிறது.

பேக்கப் எடுக்கிறேன். போதுமல்லவா?

கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தீர்கள்? இந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் இல்லையென்றால் உங்களிடம் பேக்கப் இருப்பதாகச் சொல்ல முடியாது.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தில் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். தரவுத்தளத்தின் துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அது பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் வேறுபட்டதால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும், டிமார்க் அமைப்புச் சரியில்லாததால் பெறப்படாமல் திரும்பியிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்து மீண்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையிலிருந்து உலகெங்கும் நிர்வாகிகள் கற்றிருக்கிறார்கள்.

உங்கள் ஒற்றைச் சர்வருக்குத் தேவையானது இது. தரவுத்தளத்தை அதற்குரிய டம்ப் கருவியால் (தரவைக் கோப்பாக எழுதித் தருவது) எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது மீளாமல் போகலாம். கோப்புகளுக்கும் டம்புக்கும் சேர்த்து போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியைப் பயன்படுத்துங்கள். இரண்டும் தரவை மறையாக்கிப் பூட்டி, சுருக்கி, மாறிய பகுதியை மட்டும் சேமிப்பவை. நகல் வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் இருக்கட்டும். ஒரே கணக்கில் சர்வரும் பேக்கப்பும் இருந்து அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். பூட்டின் கடவுச்சொல்லைச் சர்வருக்கு வெளியே, தாளிலாவது எழுதிவையுங்கள்.

குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக எடுக்கிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கிரான்டேப் வரியில் சதவீதக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு, அது புதிய வரியாக மாறிவிடும். கோப்பின் பெயரில் தேதி சேர்க்க அந்தக் குறியை அப்படியே எழுதினால், முனையத்தில் நன்றாக ஓடிய கட்டளை கிரானில் தோற்கும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இரண்டாவது நேரம். வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இருக்கும். அதிகாலை 2 மணி என்று நீங்கள் எழுதியது இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 7.30. ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் சர்வர் பேக்கப் எடுத்துத் திணறிக்கொண்டிருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெற்று மெய்நிகர் இயந்திரத்தில் அந்தப் பேக்கப்பிலிருந்து தளத்தை முழுவதுமாக எழுப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். எனக்குத் தெரிந்து, ஒருவரை மாணவ நிலையிலிருந்து நிர்வாகியாக மாற்றும் பயிற்சி இதுவே.

டாக்கர், ஆன்சிபிள், குபர்நெட்டீஸ் எல்லாம் எப்போது?

கையால் ஒரு சர்வரை முழுவதும் கட்டிய பிறகு ஆன்சிபிள். நீங்கள் செய்தவற்றை வரிசையாக எழுதிவைத்து மறுபடியும் அதேபோல் கட்ட உதவும் கருவி அது. எழுதுவதற்கு முன்னால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் செய்யும் மாற்றங்களை, மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளில் வைத்தாலே பாதிப் பலன் கிடைக்கும்.

மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரை இரண்டாம் கட்டத்தில் தொடலாம். ஒன்றை மட்டும் இப்போதே அறிந்திருங்கள்: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிச் செல்லும், ஏனென்றால் அது ஃபயர்வாலில் தன் விதிகளைத் தானே எழுதுகிறது. மூடியிருப்பதாக நம்பிய தரவுத்தளம் திறந்து கிடக்கும். 127.0.0.1 முகவரியோடு சேர்த்து வெளியிடுவதே சரி. பல சர்வர்களில் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் ஒற்றைச் சர்வருக்குத் தேவையில்லை.

சான்றிதழ்த் தேர்வு எழுதினால் வேலை கிடைக்குமா?

நேர்காணல் வரை கொண்டுபோகும். எழுதுவதானால் ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் போன்ற செய்முறைத் தேர்வுகளைப் பரிந்துரைப்பேன். ஓடும் இயந்திரத்தைக் கொடுத்து இதைச் செய்துகாட்டு என்பார்கள். பதிலை ஊகிக்க வழியில்லை. நேர்காணலில் அதைவிட எடை கூடியது, நீங்கள் நடத்திய ஒரு சர்வரில் நடந்த ஒரு கோளாறை, என்ன பார்த்தேன், எதைச் சந்தேகித்தேன், எப்படி உறுதிசெய்தேன் என்று கோவையாகச் சொல்ல முடிவது. அதற்காகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, செய்த மாற்றம், காரணம் என மூன்றே பத்திகள் போதும்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? தமிழில் உதவி கிடைக்குமா?

கிடைக்கும். கணியம் அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. நேரில் போய் ஒருவர் அருகில் அமர்ந்து அவர் எப்படிப் பிழைதேடுகிறார் என்று பார்ப்பதற்கு ஈடு வேறில்லை.

கேட்கும்போது என்ன செய்ய முயன்றீர்கள், எந்தக் கட்டளை கொடுத்தீர்கள், சர்வர் சொன்ன பிழை என்ன, எந்த விநியோகம், எந்தப் பதிப்பு என்பவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். பிழைச்செய்தியைச் சுருக்காதீர்கள். கடவுச்சொல், சாவி போன்றவற்றை மட்டும் நீக்குங்கள். கிடைக்கும் விடையை, மனிதர் தந்தாலும் செயற்கை நுண்ணறிவு தந்தாலும், அதன் ஒவ்வொரு விருப்பமும் என்ன செய்கிறது என்று மேன் பக்கத்தில் பார்த்த பிறகே ரூட் உரிமையோடு இயக்குங்கள்.

ஓராண்டு ஓட்டிவிட்டேன். டெபியனின் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. எப்படி மாறுவது?

ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டும். 11-இலிருந்து நேராக 13-க்குத் தாவுவதை டெபியன் ஆதரிப்பதில்லை. முதலில் அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளை முழுவதும் வாசியுங்கள். எது நீக்கப்பட்டது, எதன் அமைப்பு மாறியது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். பிறகு உங்கள் பேக்கப்பை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் மீட்டெடுத்து, அங்கே மேம்படுத்திப் பாருங்கள். கேட்கப்படும் கேள்விகளையும் உடைந்தவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, புதிய பேக்கப் ஒன்றை எடுத்து, டிமக்ஸுக்குள் அமர்ந்து, அந்தக் குறிப்பைப் பார்த்தபடி உண்மையான சர்வரில் செய்யுங்கள்.